புல்லில் மல்லாந்து கிடக்கிறேன், மணிக்கூடு 104 என்கிறது

எட்டாவது சுற்று பேர்ப்பி (குந்தி, தண்டால் நிலைக்குப் போய், எழும்பிக் குதிக்கிற பயிற்சி) முடிந்து புல்லில் மல்லாந்து கிடக்கிறேன். காதுக்குள் யாரோ தவில் வாசிக்கிறார்கள், வானம் இரண்டு தரம் சுற்றி வந்து நின்றது, விடிய எழும்பிக் குடித்த பிளேன் ரீ திரும்பித் தொண்டைக்கு வருகிறது. கையைத் தூக்கி மணிக்கூட்டைப் பார்த்தால் இதயத்துடிப்பு 104. சைவக்கடைக்கு நடந்துபோய் நாலு தோசை கட்டிக்கொண்டு வருகிற ஆளுக்குக் காட்ட வேண்டிய எண் அது. பக்கத்தில் கிடந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்களுக்கு இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லைப் போல. இன்னும் நாலு சுற்று செய்யுங்கோ" என்றான். அவனுடைய மணிக்கூடு அவனுக்கு 171 காட்டியது. இத்தனைக்கும் அவன் கடைசி இரண்டு சுற்றிலும் குனிந்து சப்பாத்து நாடாதான் கட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பிடித்த கோபத்தில்தான் இந்த விமர்சனம். மூன்று ஸ்மார்ட் வோச், துடிப்பை எண்ணுகிற ஒரு நெஞ்சுப்பட்டி, ஏழு கிழமை. எனக்கு 43 வயது, கதிரையில் இருந்து செய்கிற வேலை, சீனி வருத்தத்தின் வாசலில் நிற்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னபிறகு ஓடத் தொடங்கிய ஆள். வீரனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. யாழ்ப்பாணம் கோட்டை முனியப்பர் கோயிலடி வெளியில் காலை ஐந்தரைக்குக் கூடுகிற பத்துப் பதினைந்து பேரில் ஒருவன், அவ்வளவுதான். எங்களை வருத்துகிறவர் ஓய்வுபெற்ற ஒரு பி.ரி. மாஸ்டர். கழுத்தில் விசில், கையில் பழைய ஸ்ரொப் வோச்.

கொம்பனிப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. என்னிடம் இருப்பது ஒவ்வொன்றிலும் ஒன்றுதான், ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொம்பனியையே திட்டுவது நியாயம் இல்லை. விலையை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும். முதலாவது, ரவுணில் ஒரு போன் கடையில் 7,500 ரூபாவுக்கு வாங்கியது. இரண்டாவது, கொழும்பிலிருந்து பார்சலில் வந்த 38,000 ரூபாச் சாமான். மூன்றாவது என்னுடையது இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்து நின்ற மச்சானுடைய கையில் இருந்தது. அவர் நின்ற ஐந்து கிழமையும் காலையில் கழற்றித் தருவார், நான் எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுப்பேன், இன்றைய காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் என்று தரும்போது ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துவார். நெஞ்சுப்பட்டி அக்கா பிரான்சில் இருந்து அனுப்பியது. அதைத்தான் தராசுப் படிக்கல்லாக வைத்துக்கொண்டேன்.

ஏன் பட்டி படிக்கல், வோச் இல்லை? இரண்டும் பார்க்கிற விடயமே வேறு. பட்டி இதயத்தின் மின் துடிப்பை நேரே தோலில் பிடிக்கிறது, ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அந்த வேலைதான், சின்ன அளவில். மணிக்கூட்டின் முதுகில் இருப்பது பச்சை லைற். தோலுக்குள் வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருகிற வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து, இப்போது இரத்தம் வந்தது, இப்போது போனது என்று எண்ணுகிறது. இரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும், அதனால்தான் பச்சை. சும்மா இருக்கும்போது இது அருமையாக வேலை செய்யும். கையை வீசத் தொடங்கினால் மணிக்கூடு தோலில் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலே வெளிச்சம் கூடிக் குறையும், தசை இறுகினால் கூடிக் குறையும், மணிக்கட்டு மடிந்தால் இரத்த ஓட்டமே மாறும். இதில் எது இதயம், எது ஆட்டம் என்று பிரித்தெடுப்பது உள்ளே இருக்கிற கணக்கின் கெட்டித்தனம். மூன்று மணிக்கூட்டுக்கும் விலை வித்தியாசம் வருவதில் பெரும் பங்கு அங்கேதான் என்பது என் எண்ணம், கண்ணாடியிலும் டிஸ்பிளேயிலும் இல்லை.

அந்தக் கெட்டித்தனம் இல்லாதபோது என்ன நடக்கும் என்று பார்க்க ஆசை வந்து, 7,500 ரூபாவைக் கழற்றி, வீட்டில் இருந்த இரண்டு கப்பல் வாழைப்பழத்தைச் சேர்த்து அதில் கட்டினேன். கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு 78. ஐந்து நிமிடம் கழித்து 76. பழம் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. சிரிக்கலாம், ஆனால் விலை கூடிய சாமான்களும் இப்படிப்பட்ட இடங்களில் எண் சொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். தேடுகிற சென்சருக்கு ஏதாவது ஒரு தாளம் கிடைத்துவிட்டால் அதை எண்ணிவிடும். தெரியாது என்று சொல்லப் பழக்குவதுதான் கஷ்டம், மனிதருக்கும் அப்படித்தானே.

அதை வாங்கின போன் கடையில் சொன்ன இன்னொரு கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "அண்ணை, இது பிறஷர் காட்டும், ஒக்சிசன் காட்டும், ஊசி குத்தாமல் சுகரும் காட்டும்." சுகரும் காட்டியது, 5.6, பாயாசம் குடித்தபிறகும் அதே 5.6. தோலைக் குத்தாமல் இரத்தச் சர்க்கரையை அளக்கிற எந்த ஸ்மார்ட் வோச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பெப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. சீனி வருத்தக்காரர் யாராவது அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் பகிடி இல்லை. அந்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லித்தான் நான் கன பேருக்குச் சொல்வது.

சரி, மைதானத்துக்கு வருவோம். எங்கள் மாஸ்டர் செய்விப்பதில் இரண்டு வகை. செவ்வாய், வெள்ளி நோர்வேக்காரர்களின் நாலுக்கு நாலு: நாலு நிமிடம் உச்சத் துடிப்பின் 90 முதல் 95 சதவீதத்தில் ஓட வேண்டும், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நாலு தரம். ஞாயிறு டபாட்டா. அது ஜப்பானியர் இசூமி தபாத்தாவின் பெயரால் வந்தது. 1996இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் 20 செக்கன் உயிரைக் கொடுத்து, 10 செக்கன் ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. அவர்கள் செய்தது சைக்கிளில், உடம்பு ஒட்சிசனை உச்ச அளவில் எடுக்கிற வேகத்தின் 170 சதவீதத்தில். நாங்கள் செய்கிற பேர்ப்பிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், இருந்தாலும் நாலு நிமிடத்தில் நாக்கு வெளியே வரும்.

ஓட்டத்தில் வந்த கணக்கு இது. இடக்கையில் வோச், நெஞ்சில் பட்டி, பட்டி போனுக்குத் தனியாகப் பதிகிறது, வீட்டுக்கு வந்து இரண்டு வரைபடத்தையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன். மச்சானின் வோச் முதலாவது சுற்றின் முதல் அரை நிமிடம் கொஞ்சம் பின்தங்கியது, பிறகு பட்டியின் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு போனது, இரண்டு மூன்று துடிப்பு வித்தியாசம். 38,000 ரூபா மோசமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாற்பது செக்கன் மட்டில் தாமதமாக ஏறும், ஏறினபிறகு சரியாக நிற்கும், ஓய்வில் இறங்கவும் அதே தாமதம். நாலு நிமிடச் சுற்றில் நாற்பது செக்கனை மன்னிக்கலாம்.

7,500 வேறு வழியால் போனது. வோர்ம் அப்பில், கதைத்துக் கதைத்து மெதுவாக ஓடும்போது, 166 காட்டியது. பயந்துபோய் நின்று கழுத்தில் விரலை வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் 124. பிறகுதான் பிடிபட்டது, என் காலடி நிமிடத்துக்கு 166. மணிக்கூடு இதயத்தை விட்டுவிட்டு காலை எண்ணிக்கொண்டிருந்தது. அதை ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் லொக் என்கிறார்கள். ஓடுகிற காலின் தாளமும் ஓடுகிற இதயத்தின் தாளமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பதால் மணிக்கூடு ஏமாறுகிறது. அந்தத் தம்பியின் 171ம் இதே மாதிரி இதயத்தை விட்டு வேறெதையோ எண்ணின கேஸ் என்றுதான் இப்போது நினைக்கிறேன், அவன் இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்கிப்பிங் கயிற்றில் இது இன்னும் மோசம், பத்து நிமிடமும் எண் அசையாமல் நின்றால் நீங்கள் பார்ப்பது உங்கள் குதிப்பைத்தான்.

இனி டபாட்டா. இங்கேதான் மூன்றும் விழுந்தன, விழுந்த உயரம்தான் வேறு. ஒரு ஞாயிறின் கணக்கை அப்படியே தருகிறேன், 38,000 ரூபாவுடையது. முதல் 20 செக்கன் முடிவில் பட்டி 136, வோச் 101. நாலாவது சுற்று முடிவில் பட்டி 166, வோச் 122. எட்டாவது முடிவில் பட்டி 181, வோச் 148. பிறகு நான் புல்லில் விழுந்து கிடக்கிறேன், பட்டி இறங்கத் தொடங்கி 160க்கு வந்துவிட்டது, அப்போதுதான் வோச் 169க்கு ஏறுகிறது. பந்தி எல்லாம் முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்கிற உறவுக்காரர் மாதிரி. மச்சானின் வோச் அதே பயிற்சியில் பட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கீழே நின்றது, தாமதம் குறைவு, ஆனால் பேர்ப்பியில் கை நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் கோடு பல்லுப்பல்லாகக் கிழிந்தது. 7,500 பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன், 104.

காரணம் தேட அதிக தூரம் போகத் தேவையில்லை. புஷ் அப்பிலும் பேர்ப்பியிலும் மணிக்கட்டு பின்பக்கமாக முழுதாக மடிகிறது. வோச்சின் ஒரு விளிம்பு தோலில் புதைகிறது, மற்ற விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது, அந்த இடைவெளியால் வெளிச்சம் உள்ளே வருகிறது. பாரம் தூக்கும்போது கையைப் பொத்திப் பிடிப்பதால் தசைநார்கள் விடைத்து வோச்சைத் தள்ளுகின்றன. போதாக்குறைக்கு, இரண்டு முறை புஷ் அப்பில் என் புறங்கையே பக்கத்துப் பொத்தானை அமத்தி பயிற்சியை நிறுத்திவிட்டது. ஓட்டம், சைக்கிள் போன்ற ஒரே தாளத்தில் போகிற அசைவுகளில் நல்ல அளவீடு வரும், ரெனிஸ், பொக்சிங் போன்ற ஒழுங்கில்லாத அசைவுகளில் அவ்வளவு வராது என்று ஆப்பிள் கொம்பனியே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நாங்கள்தான் வாசிப்பதில்லை. தன் மணிக்கூட்டில் ஈசிஜி இருக்கிறதே என்று மச்சான் வாதாடினார். இருக்கிறது, ஆனால் அதற்கு 30 செக்கன் அசையாமல் இருந்து மற்றக் கை விரலைப் பொத்தானில் வைத்திருக்க வேண்டும். பேர்ப்பி அடித்துக்கொண்டு அதைச் செய்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

மணிக்கூட்டுக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டும். 20 செக்கன் என்பது இதயத்துக்கே காணாது. நீங்கள் பாய்ந்து ஓடத் தொடங்கின உடனே இதயம் உச்சிக்குப் போவதில்லை, அது படிப்படியாகத்தான் ஏறும், பட்டியிலும் முதல் சுற்று 136தான் என்பதைப் பாருங்கள், என் கால் அப்போது முழு வேகத்தில் இருந்தது. ஆகவே குறுகிய சுற்றுகளில் இதயத்துடிப்பை வைத்து எவ்வளவு பாடுபட்டேன் என்று அளப்பதே தவறான படிக்கல், சரியான பட்டி போட்டாலும்கூட. இதயத்தின் தாமதத்துக்கு மேல் வோச்சின் தாமதம் ஏறும்போதுதான் எண்ணுக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது.

இதில் என்னைக் கனநாள் ஏமாற்றியது சராசரி. 28 நிமிடப் பயிற்சி முடிவில் பட்டி சராசரி 148 என்றது, வோச் 143 என்றது. மூன்று நாலு வீதம் பிழை, அடடா, திறமான சாமான் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு 90 சதவீதத்துக்கு மேல் எத்தனை நிமிடம் என்று பார்த்தால் பட்டியில் 11, வோச்சில் 4. மலையையும் பள்ளத்தையும் இரண்டையும் நிரவி ஒரு சமவெளியாக்கிவிட்டு, மொத்த மண் அளவு சரிதானே என்கிறது. இடைவிட்டுச் செய்கிற பயிற்சியின் முழுப் பலனும் அந்த மலையிலும் பள்ளத்திலும்தான் இருக்கிறது. சராசரியைப் பார்க்க நினைத்திருந்தால் நான் பேசாமல் நல்லூர் வீதியைச் சுற்றி நடந்திருப்பேனே.

விளம்பரங்களில் வருகிற ஐந்து வீதப் பிழைக் கதையையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2017இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 60 பேரை வைத்து ஏழு கைச் சாதனங்களைச் சோதித்தது, ஆறு சாதனங்கள் இதயத்துடிப்பை ஐந்து வீதப் பிழைக்குள் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் செய்வித்தது இருப்பு, நடை, ஓட்டம், சைக்கிள். பேர்ப்பி இல்லை. அதே காலப்பகுதியில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 50 பேரை ரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தபோதும் நெஞ்சுப்பட்டி ஈசிஜியுடன் 0.99 ஒத்துப்போனது (1 என்றால் முழுப் பொருத்தம்), கையில் கட்டியவை 0.83 முதல் 0.91 வரை நின்றன. அந்தச் சாதனங்களில் பல இன்றைக்குக் கடையில் இல்லை, இப்போதையவை கெட்டித்தனம் கூடினவை, ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சம், தோல், ஆட்டம் என்ற சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு வருகிற சந்தேகம் ஒன்று: நாங்கள் கறுப்பு, பச்சை வெளிச்சத்தைத் தோல் நிறம் விழுங்கிவிடாதா? தோலுக்கு நிறம் தருகிற மெலனின் பச்சையை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெவ்வேறு தோல் நிறம் உள்ள 53 பேரைச் சோதித்தபோது நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை, எந்தச் சாதனம், என்ன அசைவு என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது, அசைவின்போது பிழை ஓய்வைவிடச் சராசரி 30 வீதம் கூட. என் அனுபவமும் அதுவே, என் நிறம் முனியப்பர் கோயிலடியில் கறுப்பில் முன்வரிசை, மச்சானின் வோச் அதில் ஒன்றும் குறைவைக்கவில்லை. நிறத்தைவிட இங்கே கூட இடைஞ்சல் செய்தவை வேறு சாமான்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு மூன்று கிழமையாக எண் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது, கடையில் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை பிடிக்கப் போனவரை மறித்து, கையைத் திருப்பிப் பார்த்தால், இடக்கையில் கௌரி விரதத்துக்குக் கட்டின காப்பு நூல், அதன் முடிச்சுக்கு மேலே வோச் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காப்பைக் கழற்ற முடியாது, வோச்சை வலக்கைக்கு மாற்றினார், சரியானது. என்னுடையதில் வேறு கதை. நான் அதைக் கழற்றாமல் கிணற்றடியில் குளிக்கிற ஆள், எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை சென்சரின் கண்ணாடியிலும் படிந்திருந்தது, மேலே வியர்வை உப்பு வேறு. ஈரத் துணியால் துடைத்தபிறகு ஓய்வு நேர எண் ஒழுங்குக்கு வந்தது. டபாட்டாவில் ஒரு மாற்றமும் இல்லை.

கட்டுகிற இடமும் முக்கியம். கன பேர் வளையல் மாதிரித் தொங்கவிடுகிறார்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, வியர்வையில் வழுக்காத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் 38,000 ரூபாவுடையது ஓட்டத்தில் கிட்டத்தட்ட மச்சானுடையதை எட்டிப் பிடித்தது. பயிற்சி முடிந்து ஒரு துளை தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் தோலில் சிவந்து தடிக்கும், இந்த வெயிலுக்குச் சொல்லவும் வேண்டுமா.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருநாள் பிந்தி எழும்பி, ஒன்பது மணிக்குப் பண்ணைப் பக்கம் அதே நாலுக்கு நாலு ஓடினேன், அதே தூரம், அதே வேகம், பட்டி ஏழெட்டுத் துடிப்பு கூடக் காட்டியது. அது பிழை இல்லை. உடம்பைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்த்துத் தண்ணீர் குறைகிறது, இதயம் கூட அடித்துத்தான் சரிக்கட்ட வேண்டும். வோச்சில் இருக்கிற எந்த அப்பும் இதை எனக்குச் சொல்லவில்லை, உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று மட்டும் சோகமாக ஒரு செய்தி அனுப்பியது.

உச்சத் துடிப்பு விடயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வோச்சும் வாங்கின நாளில் 220இல் வயதைக் கழித்து எனக்கு 177 என்று போட்டுவைத்தன. நான் பட்டியுடன் முழு மூச்சில் ஓடி எடுத்த உச்சம் 189. 2001இல் தனாக்கா குழு கொடுத்த 208 கழித்தல் வயதின் 0.7 பங்கு என்ற சூத்திரம் கொஞ்சம் நல்லது என்பார்கள், ஆனால் 40 வயதில் இரண்டும் 180 என்று ஒன்றையே சொல்லும், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு வித்தியாசம் இரண்டிலும் வரும். 177ஐ நம்பினால் என் 90 சதவீதம் 159, உண்மையில் அது 170. அதாவது கடுமையாக ஓடுகிறேன் என்று இரண்டு மாதம் நான் நினைத்ததெல்லாம் நடுத்தரம். செற்றிங்ஸுக்குள் போய் அதை உங்கள் எண்ணுக்கு மாற்றலாம், அந்த வேலைக்குக் காசும் இல்லை. பிறஷருக்கு பீற்றா புளொக்கர் குளிசை எடுப்பவர்கள் மட்டும் இந்தச் சூத்திரங்களின் பக்கமே போகாதீர்கள், அந்தக் குளிசை இதயத்தை ஏறவிடாது, உங்கள் எல்லையை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கலோரி பற்றிச் சுருக்கமாக: நம்பாதீர்கள். அந்த ஸ்ரான்ஃபோர்ட் ஆய்விலேயே எரித்த சக்தியைச் சொல்வதில் மிக நல்ல சாதனம் சராசரி 27 வீதம் பிழை, மிக மோசமானது 93 வீதம். 28 நிமிடத்துக்கு 7,500 எனக்கு 610 கலோரி என்று தந்தது, அந்த உற்சாகத்தில் அன்று இரவு முட்டைக்கொத்து. நிறை ஏன் குறையவில்லை என்று மாதக் கடைசியில் யோசித்தேன்.

பிறகு எதற்கு மணிக்கூடு? நேரத்துக்கு. இதைத்தான் யாரும் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வதில்லை. 20, 10 என்று செற் பண்ணிவிட்டால் கையில் அதிர்ந்து அதிர்ந்து சொல்கிறது, காற்றில் விசில் கேட்காத பண்ணைப் பாலத்தில் அது பெரிய உதவி. மூன்றிலுமே இந்த வேலை குறையில்லை, 7,500இலும்கூட. ஓய்வு நேரத் துடிப்பு, இரவு நித்திரையில் துடிப்பு, அது கிழமைக்குக் கிழமை இறங்குகிறதா என்பதிலும் 38,000 நம்பக்கூடியது, ஏழு கிழமையில் என்னுடையது 74இல் இருந்து 67க்கு வந்தது, பட்டியும் அதையே சொன்னது. ஜிபிஎஸ்சுக்கு எங்கள் ஊர் சொர்க்கம், மலையும் இல்லை, மாடிக் கட்டடக் காடும் இல்லை, ஐந்து கிலோமீற்றர் என்றால் ஐந்துதான். 200 மீற்றர் பாய்ச்சலில் மட்டும் அந்தக் கணத்து வேகத்தைப் பார்க்காதீர்கள், அதுவும் பிந்தித்தான் வரும், தூரத்தை அளந்து கல் வைத்துவிட்டு நேரத்தைப் பாருங்கள்.

பட்டியும் சும்மா இல்லை. போடுவதற்கு முன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், மறந்தால் முதல் ஐந்து நிமிடம் அதுவும் உளறும். பெனியனுக்குள் மூன்று நாள் போட்டால் நெஞ்சுக்கு அடியில் உரஞ்சும், துவைக்காமல் விட்டால் அறைக்குள் ஒருவரும் வரமாட்டார்கள். வட்டப் பற்றரி போட வேண்டும், என்னுடையது எடுக்கும் அளவு ரவுணில் இரண்டு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. பட்டி பிடிக்காதவர்களுக்கு மேல்கையில் கட்டுகிற பச்சை லைற் பட்டி இருக்கிறது, மணிக்கட்டைவிட அங்கே ஆட்டம் குறைவு. எங்கள் குழுவில் ஒரு தம்பி பாவிக்கிறார், அவருடைய பேர்ப்பிக் கோடு என் பட்டிக் கோட்டுக்கு வெட்கமில்லாமல் பக்கத்தில் நிற்கிறது.

ஆகவே என்னிடம் கேட்கிற ஆட்களுக்கு நான் சொல்வது: கையில் ஏற்கனவே ஒரு நடுத்தர வோச் இருந்தால் அதை விற்றுவிட்டு இரண்டு லட்சத்துக்குப் போகாதீர்கள், பட்டியை வெளிநாட்டில் இருக்கிற யாரிடமாவது சொல்லி எடுப்பித்து, அதே வோச்சுடன் புளூடூத்தில் இணையுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் வோச் வெளிப் பட்டியை ஏற்குமா என்று பாருங்கள், என் 7,500 ஏற்காது, 38,000 ஏற்கும். இரண்டையும் அதே பட்டியோடு இணைத்தபிறகு அந்த 38,000ம் மச்சானின் இரண்டு லட்சமும் பேர்ப்பியில் ஒரே எண்ணைச் சொன்னபோது மச்சானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பித்தான் திருத்த வேண்டும் என்கிற வொறண்டியை வொறண்டி என்று எண்ணாதீர்கள், என் சினேகிதர் ஒருவரின் வோச் போய் மூன்று மாதம், இன்னும் வரவில்லை. ஒன்றுமே வாங்க விருப்பம் இல்லையா, சுவீடன்காரர் போர்க் செய்த 6 முதல் 20 வரையான அளவுகோல் இருக்கிறது, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நீங்களே எண் கொடுப்பது. 17 என்றால் மிகக் கடினம், பத்தால் பெருக்கினால் துடிப்புக்குக் கிட்ட வரும் என்ற எண்ணத்தில்தான் அவர் அப்படி வகுத்தார். எங்கள் மாஸ்டருக்கு அதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, "வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார். முழு வசனமாகப் பதில் சொன்னால் இன்னும் வேகம் என்பார். "ஓம்" மட்டும் வந்தால் விட்டுவிடுவார்.

மச்சான் போய்விட்டார், வோச்சும் போய்விட்டது. 38,000 என் கையில், பட்டியோடு. 7,500ஐ யாருக்கும் விற்க மனம் வரவில்லை, எழுத்துப் பெரிது, இருட்டில் நேரம் வடிவாகத் தெரியும் என்று அம்மா கேட்டார், கொடுத்துவிட்டேன். சுகர் காட்டுகிற இடத்தை டேப் ஒட்டித்தான் கொடுத்தேன். நேற்றுக் குசினிக்குள் திருவலையில் இருந்து எழும்பி வந்து கையை நீட்டினார். இரண்டு தேங்காய் திருவி முடிய 1,140 அடி நடந்திருக்கிறாராம்.